குரலைத் திருத்துவது யார்? கணினியா, காதா?

("பாடகரின் சுருதியைக் கணினி தானாகத் திருத்துவது பாட்டுக்கு நன்மையே" என்னும் தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்துமன்றத்தில், மறுத்துப் பேசிய ஓர் ஒலிப்பதிவாளரின் உரை)



எனக்கு முன்னால் பேசிய தம்பி மிக அழகாகப் பேசினார். "ஒரு பொத்தானை அழுத்தினால் முடிகிற வேலைக்கு ஏன் நாள் கணக்கில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஒலிப்பதிவுக் கூடத்தில் சோறு தின்கிறவன். அந்தப் பொத்தானை நானும் அழுத்தியிருக்கிறேன். அழுத்தி, ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அதற்கு முன் இந்தப் பொத்தான் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

இதைக் கண்டுபிடித்தவர் பாட்டுக்காரர் அல்லர், எண்ணெய் தேடியவர்! அமெரிக்காவைச் சேர்ந்த ஆண்டி ஹில்டபிராண்ட் என்பவர் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் வேலை செய்தவர். தரையில் அதிர்வை உண்டாக்கி, அது பூமிக்குள் போய்ப் பாறைகளில் பட்டுத் திரும்பும் அலைகளைக் கணக்குப் போட்டு, எங்கே எண்ணெய் இருக்கும் என்று கண்டறிவது அவருடைய துறை. பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு இசை படிக்கப் போனார். புல்லாங்குழலும் வாசிப்பார். பாறையிலிருந்து வரும் அலையை அளக்கும் கணக்கைத் தொண்டையிலிருந்து வரும் அலைக்கும் போட்டுப் பார்த்தார். 1997ஆம் ஆண்டில் ஆட்டோ-டியூன் என்னும் மென்பொருள் பிறந்தது.

அடுத்த ஆண்டே, 1998இல், ஷேர் என்னும் பாடகி பாடிய 'பிலீவ்' என்ற பாடல் உலகமெங்கும் ஒலித்தது. குரல் உடைந்து உடைந்து இயந்திரம்போலத் தாவும். அது எப்படி வந்தது என்று கேட்டபோது, அதன் தயாரிப்பாளர்கள் வேறொரு கருவியின் பெயரைச் சொல்லித் தங்கள் ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். உண்மையில் அது ஆட்டோ-டியூனை அளவுக்கு மீறி வேகமாக ஓடவிட்டதால் வந்த ஒலி.

அதன் பிறகு சண்டையும் தொடங்கியது. 2009ஆம் ஆண்டு கிராமி விருது விழாவுக்கு ஓர் இசைக்குழுவினர் இதை எதிர்த்து நீல நாடா குத்திக்கொண்டு வந்தார்கள். 2010இல் டைம் பத்திரிகை மிக மோசமான 50 கண்டுபிடிப்புகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. ஆனால் அதே கிராமி அமைப்பு 2023இல் ஹில்டபிராண்டுக்குத் தொழில்நுட்ப விருது கொடுத்துக் கௌரவித்தது. எதிர்ப்பவர்கள் இருந்தார்கள், பாராட்டுகிறவர்களும் இருந்தார்கள். நாம் இரண்டு பக்கமும் சாயாமல், அது என்ன செய்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு லயத்து வீடுகள் தெரியும். ஒரே வரிசையில் 12 வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ, அடுத்து ரி, அடுத்து இன்னொரு ரி, இப்படி நி வரை 12 வாசல்கள். பதின்மூன்றாவது வீட்டுக்குப் போனால் மறுபடியும் ஸ, மேல் ஸ. கீழ் ஸ விநாடிக்கு 440 அதிர்வு என்றால் மேல் ஸ 880. ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் இடையிலுள்ள தூரத்தை 100 பங்காகப் பிரித்து, ஒரு பங்கை ஒரு 'சென்ட்' என்று சொல்வோம். பாடகர் 'ப' வீட்டு வாசலில் நிற்க வேண்டியவர், 30 சென்ட் தள்ளி நிற்கிறார் என்றால் கேட்கிறவர் முகம் சுளிக்கும்.

தானியங்கி முறை என்ன செய்யும்? வீதியில் நடக்கிற ஒவ்வொருவரையும் பிடித்து, பக்கத்தில் எந்த வாசல் இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்தும். எவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும் என்று நாம் சொல்லலாம். மெதுவாக இழு என்றால் அவ்வளவாகத் தெரியாது. பூஜ்யத்தில் வைத்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளின மாதிரி இருக்கும். ஷேர் பாட்டில் கேட்டது அதுதான்.

கையால் திருத்தும் முறை வேறு. 2001ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து மெலோடைன் என்னும் மென்பொருள் வந்தது. பீட்டர் நொய்பேக்கர் என்பவரின் சிந்தனையில் உருவானது. பாடிய ஒவ்வொரு சுரமும் திரையில் ஒரு சிறு உருண்டையாகத் தெரியும். அதன் நடுவே குரல் ஏறி இறங்கிய பாதை ஒரு கோடாக ஓடும். நாம் உட்கார்ந்து, கேட்டு, எந்த உருண்டையை எவ்வளவு நகர்த்த வேண்டுமோ அவ்வளவு நகர்த்தலாம். சுரத்தின் இருப்பிடத்தை மட்டும் மாற்றிவிட்டு அதன் அசைவை அப்படியே விட்டுவிடலாம். ஆட்டோ-டியூனிலும் இப்படிக் கோடு போட்டுக் கையால் திருத்துகிற பகுதி உண்டு. ஆகவே, இது ஒரு மென்பொருளுக்கும் இன்னொரு மென்பொருளுக்கும் நடக்கிற சண்டை அன்று. எந்தச் சுரத்தைத் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது என்று முடிவு செய்கிறவர் யார் என்பதுதான் வழக்கு.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2009ஆம் ஆண்டு. எங்கள் பக்கத்துக் கோயிலில் பல ஆண்டுகளாகத் தேவாரம் பாடிவந்த பெரியவர் ஒருவர், என் கூடத்துக்கு வந்து சில பதிகங்களைப் பாடிப் பதிவு செய்தார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. காதில் சுருதிப் பெட்டியின் ஒலியை மட்டும் கொடுத்துவிட்டு, குரலைத் தனியாகப் பதிவு செய்தேன். "மிருதங்கம், வயலின் எல்லாம் பிறகு சேர்த்துக்கலாம் தம்பி, கோயில்ல பிள்ளைங்களுக்குக் கொடுக்கணும்" என்றார். சேர்ப்பதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

அவருடைய மகள் வந்தார். "அண்ணே, கருமக்கிரியை அன்னிக்கு வர்றவங்களுக்கு அப்பா பாடினதைக் குறுந்தட்டா கொடுக்கணும்" என்று கேட்டார். அந்த வாரம் எனக்கு இரண்டு இரவுத் தூக்கம் போயிருந்தது. வேறு ஓர் இசைத்தொகுப்பு வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. பெரியவர் குரலில் மூச்சு குறைந்து, அங்கங்கே சுருதி இறங்கியிருந்தது. சரி, பொத்தான் இருக்கிறதே என்று அழுத்தினேன்.

நானும் ஓரளவுக்குக் கெட்டிக்காரன்தான். அவர் தம் தொண்டைக்கு ஏற்றபடி சுருதிப் பெட்டியை ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவில் திருகி வைத்திருந்தார். கணினியின் வாசல்கள் அங்கே இல்லை. அதைக் கவனித்து, கணினியின் அளவுகோலைச் சுருதிப் பெட்டிக்கு ஏற்ப மாற்றினேன். பிறகு, எந்தெந்தச் சுரங்கள் வரும் என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பதிகம் கௌசிகப் பண். இன்று அதைப் பைரவி ராகத்தில் பாடுகிறார்கள். பைரவிக்குரிய தாய் ராகத்தின் ஏழு சுரங்களையும் தட்டிவிட்டு, முதல் சில வரிகளை மட்டும் கேட்டுவிட்டு, தட்டில் பதித்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அந்தப் பெண் வாசலில் நின்றார். கோபமில்லை. கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, குரலு அப்பாவோடதுதான். ஆனா பாடுறது அப்பா இல்ல."

அவருக்கு இசை இலக்கணம் தெரியாது. ஆனால் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த காது அது. முழுப் பதிவையும் அவரோடு உட்கார்ந்து கேட்டேன். எனக்கு வியர்த்துவிட்டது.

நடந்தது இதுதான். பைரவியில் மேலே ஏறும்போது ஒரு தைவதம், இறங்கும்போது வேறொரு தைவதம். அந்த ராகத்துக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது. நான் கணினிக்கு இறங்கும் தைவதத்தை மட்டுமே சொல்லியிருந்தேன். பெரியவர் சரியாக ஏறும் தைவதத்தைப் பாடினார். கணினி பார்த்தது. "இந்த வீடு என் பட்டியலில் இல்லையே" என்றது. அந்த இடத்திலிருந்து ஒரு பக்கம் இறங்கும் தைவதம், மறுபக்கம் நிஷாதம், இரண்டும் ஒரே தூரம். குரல் இம்மியளவு கீழே இருந்த இடத்தில் கீழே தள்ளியது. இம்மியளவு மேலே இருந்த இடத்தில் மேலே தள்ளியது. பெரியவர் பிழையில்லாமல் பாடிய இடத்தில் நான் பிழை செய்து வைத்திருந்தேன், ஐயா!

அதோடு போகவில்லை. நம் பாட்டில் கமகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஒரு சுரத்தை அசைத்து, வளைத்து, பக்கத்துச் சுரத்தைத் தொட்டும் தொடாமலும் பாடுவது. தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்தின் பக்கமும் மத்திமத்தின் பக்கமும் போய்ப் போய் வரும். லயத்து வீதி கதைப்படி சொன்னால், அந்தப் பாடகர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. வீதியில் நடப்பதுதான் அவர் வேலை. கணினியோ அவரை ஒவ்வோர் அடியிலும் பிடித்துப் பக்கத்து வீட்டுக்குள் தள்ளுகிறது. வளைவு படிக்கட்டாகிவிடுகிறது. ராகம் போய்விடுகிறது.

அந்தப் பெண்ணிடம், "தங்கச்சி, அசல் பதிவு பத்திரமா இருக்கு. எனக்கு இன்னும் ரெண்டு நாள் கொடும்மா" என்றேன். அன்று என்னைக் காப்பாற்றியது அசலை அழிக்காமல் வைத்திருந்தது ஒன்றுதான்.

இந்த முறை திரையை அணைத்துவிட்டு முதலில் முழுவதையும் கேட்டேன். ஒரு தாளை வைத்துக்கொண்டு, காதை உறுத்திய இடங்களை மட்டும் குறித்தேன். நான்கு நிமிடப் பதிகத்தில் எத்தனை இடங்கள் தெரியுமா? பதினொன்று! அவ்வளவுதான். பிறகு திரையைப் போட்டு, அந்தப் பதினொரு சுரங்களை மட்டும் கையால் நகர்த்தினேன். முழுதாக வாசலுக்குக் கொண்டுபோகவில்லை, உறுத்தல் போகும் வரை மட்டும். ஒரே பதிகத்துக்கு அரைநாள் ஆனது.

அதிலும் ஒரு இடம். ஒவ்வொரு பாட்டின் கடைசி வரியிலும் பெரியவருக்கு மூச்சு குறைந்து, முடிவுச் சுரம் சற்றே தாழும். திரையில் பார்த்தால் பளிச்சென்று பிழை. திருத்தலாமா என்று மகளிடம் கேட்டேன். போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்பா எப்பவும் அப்படித்தான் முடிப்பாரு. விட்டுடுங்க அண்ணே" என்றார். விட்டுவிட்டேன். பிழை எது, பழக்கம் எது என்று பிரித்துச் சொல்ல அந்த வீட்டில் ஓர் ஆள் இருந்தார். கணினிக்குத் தெரிந்தது தூரம் மட்டும்தான்.

அவைத் தலைவர் அவர்களே, தானியங்கி முறையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகப் பேச வேண்டும் அல்லவா? அந்த இயந்திர ஒலியையே வேண்டுமென்று கேட்டு, அதைப் பாட்டின் சுவையாக ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். டி-பெய்ன் என்னும் அமெரிக்கப் பாடகர் அதைத் தம் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார். அது மறைக்கிற வேலை அன்று, எல்லாருக்கும் தெரிந்தே செய்கிற அலங்காரம். பின்னணியில் பத்துக் குரல்கள் சேர்ந்து பாடுகிற இடத்தில் மெதுவான தானியங்கித் திருத்தம் ஒன்றும் கெடுத்துவிடாது. மேடையில் நேரடியாகப் பாடும்போது கையால் திருத்த நேரமேது? பின்னாளில் வந்த பதிப்புகளில், குரலின் இயல்பான அசைவுக்குச் சற்று விட்டுக்கொடுக்கும் வசதிகளும் வந்திருக்கின்றன. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதேபோல், கையால் திருத்தினால் மட்டும் புண்ணியம் வந்துவிடாது. ஒவ்வோர் உருண்டையையும் பிடித்து நட்ட நடுக் கோட்டில் வைத்து, அதன் அசைவையும் தட்டையாக்கிவிட்டால், பொத்தான் ஒரு நொடியில் கெடுத்ததை நாம் இரண்டு நாள் உட்கார்ந்து கெடுத்ததாக ஆகும்! அதற்குக் கூலி வேறு. நீட்டிப் பாடும் சுரத்தில் பயிற்சி பெற்ற குரல் விநாடிக்கு ஐந்து, ஆறு முறை மெல்ல அசைவது இயற்கை. அதைப் பிழை என்று நினைத்து இஸ்திரி போட்டால் குரல் செத்துவிடும்.

தம்பி செலவைப் பற்றிச் சொன்னார். உண்மை. நம் உள்ளூர்க் கலைஞர்கள் கையில் இருக்கிற சில நூறு வெள்ளியை வைத்துக்கொண்டு பாட்டு வெளியிடுகிறார்கள். அரைநாள் கூலி அவர்களுக்குப் பாரம்தான். அவர்களுக்கு நான் சொல்வது, திருத்தும் செலவைக் குறைக்கப் பாடும்போதே வழி உண்டு. ஒரே நாளில் பத்து முறை பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று முறை நன்றாகப் பாடுங்கள். மூன்றிலும் நல்ல வரிகளை எடுத்துக் கோத்தால், திருத்த வேண்டியது கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு வந்துவிடும். காதில் போடுகிற இசையைக் கொஞ்சம் குறைத்து, சுருதியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலே பாதிப் பிழை வராது. இதற்கெல்லாம் காசு வேண்டாம், பொறுமைதான் வேண்டும்.

என் கவலை காசைப் பற்றியும் அன்று. சில காலத்துக்கு முன் பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி பள்ளிப் போட்டிக்காகப் பாட்டுப் பதிவு செய்ய வந்தாள். நல்ல குரல். ஆனால் வளைந்து போக வேண்டிய இடத்தில் படிக்கட்டில் குதிப்பதுபோல் பாடினாள். "ஏம்மா இப்படி வெட்டி வெட்டிப் பாடுற?" என்று கேட்டேன். "பாட்டுல அப்படித்தானே அங்கிள் இருக்கு" என்றாள். அசல் பாட்டைப் போட்டுக் கேட்டேன். அவள் சொன்னது சரி! அந்தப் பாடகர் வளைத்துத்தான் பாடியிருப்பார். கணினி வெட்டியிருக்கிறது. குழந்தை கணினியிடம் பாட்டுக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள். ஒருவர் தவறினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பாட்டுகளில் சின்னச் சின்னக் குறைகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டுத்தான் நாம் பாடக் கற்றுக்கொண்டோம். இன்று வானொலியிலும் கைப்பேசியிலும் கேட்பதுதான் நம் பிள்ளைகளுக்கு வாத்தியார். இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு பாட்டு வாத்தியார் வைத்துக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? அந்த வாத்தியாரின் தொண்டையிலிருந்து கமகத்தை நாம் எடுத்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் போகும்.

ஆகவே, என் தொழில் நண்பர்களுக்கு நான்கு வார்த்தை. முதலாவது, அசல் பதிவை ஒருநாளும் அழிக்காதீர்கள். இரண்டாவது, திரையைப் பார்ப்பதற்கு முன் காதால் கேளுங்கள். கண்ணுக்குப் பிழையாகத் தெரிவதெல்லாம் காதுக்குப் பிழை அன்று. மூன்றாவது, ராகம் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. நான் அன்று கோயில் ஓதுவாருக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போட்டிருந்தால் அந்தத் தைவதம் தப்பியிருக்கும். நான்காவது, பாடியவரையோ அவர் வீட்டாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்துங்கள். குரல் அவர்களுடையது. நாம் துணிக்குக் கரை தைக்கிறவர்கள்தான்.

அந்தக் குறுந்தட்டு கருமக்கிரியைக்கு முதல் நாள் மாலைதான் தயாரானது. மறுநாள் அந்த வீட்டுக்கு நானும் போயிருந்தேன். படத்துக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கியில் பதிகம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கடைசி வரி வந்தது. முடிவுச் சுரம் சற்றே தாழ்ந்தது. வந்திருந்த வயதான அம்மாக்கள் சிலர் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள், அந்த இடத்தில் பேச்சை நிறுத்திப் படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் பொத்தானை அழுத்தியிருந்தால் அந்தச் சுரம் கச்சிதமாக வாசலில் நின்றிருக்கும். யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.